ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு கேலக்ஸிகளும்

(திருவனந்தபுரம் பழவங்காடியில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் அச்சு வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

பின்வரிசையில் கேட்கிறதா? பஸ் ஹாரன் அடிக்கும்போது நான் நிறுத்திக்கொள்கிறேன், அடங்கியதும் தொடர்கிறேன். கிழக்கேகோட்டையோடு தொண்டைப் போட்டி எனக்குக் கட்டுப்படியாகாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். கண்டுபிடித்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் எழுதியதை வாசித்து எனக்குப் புரிந்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

வரும் வழியில் பிள்ளையார் கோவில் வாசலில் பத்து நிமிடம் நின்றேன். கும்பிட்டதற்கு ஒரு நிமிடம். மீதி ஒன்பது நிமிடமும் தேங்காய் உடைப்பதை வேடிக்கை பார்த்தேன். ஒருவர் சாக்கு நிறைய வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓங்கி எறிந்தார். சில்லு நாலாபக்கமும் தெறித்தது. ஒன்று என் கால்விரலில் வந்து பட்டது. ஆனால் உள்ளே இருந்த நீர் அப்படித் தெறிக்கவில்லை. கொஞ்சம் சிதறியது, மிச்சமெல்லாம் சரிவைப் பார்த்து இறங்கி ஒரே ஓடையாகிப் போய்ச் சேர்ந்தது. சில்லுக்கு ஒரு வழி, நீருக்கு ஒரு வழி. இரண்டு கேலக்ஸிகள் மோதினாலும் இதேதான் நடக்கிறது. சில்லு என்பது விண்மீன்கள். நீர் என்பது வாயு. இன்றைக்கு நாம் அந்த நீரின் பின்னால் போகப்போகிறோம்.

கூட்டம் தொடங்குமுன் சாலைக் கடைத்தெரு அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "ஸார், ஆயிரக்கணக்கான கோடி நட்சத்திரம் உள்ள ரெண்டு கூட்டம் முட்டுதுன்னா, நட்சத்திரமும் நட்சத்திரமும் இடிக்காதா?" இடிக்காது அண்ணாச்சி. உங்கள் கடையிலிருந்தே ஒரு கடுகை எடுங்கள், இரண்டு மில்லிமீட்டர் கடுகு. அதுதான் சூரியன். அதைப் பிள்ளையார் வாசலில் வையுங்கள். பக்கத்து விண்மீனான அடுத்த கடுகை எங்கே வைப்பது? கணக்குப் போட்டால் 58 கிலோமீட்டர் வருகிறது. நேர்க்கோட்டில் அளந்தால் நாகர்கோவிலுக்குச் சற்று முன்னால், பார்வதிபுரம் பக்கம். நடுவில் நெய்யாற்றின்கரையிலும் இல்லை, மார்த்தாண்டத்திலும் இல்லை, தக்கலையிலும் இல்லை. இப்படித் தூவிய கடுகும் அப்படித் தூவிய கடுகும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் எங்கே இடிக்கும்?

வாயு அப்படி இல்லை. விண்மீன்களுக்கு நடுவே பரவிக்கிடக்கும் ஹைட்ரஜன் மேகங்கள் பல ஒளியாண்டு அகலம் உள்ளவை. ஒன்றை ஒன்று விலகிப் போக இடம் கிடையாது. மோதுகின்றன, சூடாகின்றன, அந்தச் சூட்டைக் கதிராக வெளியே விட்டுத் தளர்கின்றன. இதற்கிடையே ஒரு கேலக்ஸியின் ஈர்ப்பு மற்றதன் தட்டை இழுத்துக் கோணலாக்கிவிடுகிறது. கோணலாகிப்போன விண்மீன் கூட்டம் வாயுவின் சுழற்சியைப் பிடுங்கிக்கொள்கிறது. சுழற்சிதான் அதை மையத்தில் விழாமல் தாங்கிக்கொண்டிருந்தது. அது போனால் சரிவில் இறங்கும் தேங்காய்நீர் கதைதான். இதெல்லாம் நடக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் என்பது மட்டும் பிள்ளையார் கோவிலுக்குப் பொருந்தாது.

விண்மீன்கள் வாலாக நீண்டு இழுபடும் என்பதை 1972இல் அலார் டூம்ரி, யூரி டூம்ரி என்ற சகோதரர்கள் அந்தக் காலத்துக் கணிப்பொறியில் போட்டுக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1966இல், ஹால்டன் ஆர்ப் என்பவர் வடிவம் கெட்ட கேலக்ஸிகளாகப் பார்த்து 338 படங்கள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டிருந்தார். அதில் 220ஆம் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. மங்கலான ஒரு கறை, நடுவில் ஒரு கருப்புக் கோடு.

1983 ஜனவரி 25 அன்று அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து ஐராஸ் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. ஆடி 57 சென்டிமீட்டர்தான். முகம் பார்க்கும் கண்ணாடி அளவு. ஆனால் அது பார்த்தது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில்: 12, 25, 60, 100 மைக்ரான் அலைநீளங்களில். திரவ ஹீலியத்தால் குளிரூட்டப்பட்ட கருவி. நவம்பரில் ஹீலியம் தீர்ந்தது, கதை முடிந்தது. பத்து மாதம். அதற்குள் வானம் முழுவதையும் ஏறக்குறைய அளந்துவிட்டது. அந்தப் பட்டியலைப் புரட்டியவர்கள் திடுக்கிட்டார்கள். மங்கல் கறையான ஆர்ப் 220, அகச்சிவப்பில் லட்சம் கோடி சூரியன்களுக்கும் மேலாக எரிந்துகொண்டிருந்தது.

எப்படி? செங்கல் சூளையைப் பாருங்கள். உள்ளே தீ கொழுந்துவிடும், வெளியே மண்பூச்சு. தீ தெரியாது. கிட்டே போனால் அனல் முகத்தில் அடிக்கும். மையத்தில் குவிந்த வாயுவில் விண்மீன்கள் கும்பல் கும்பலாகப் பிறக்கின்றன. அவற்றின் புறஊதா ஒளியைச் சுற்றியுள்ள தூசி விழுங்கிவிடுகிறது, விழுங்கிய ஆற்றலை அனலாகக் கக்குகிறது. அந்த அனல்தான் ஐராஸுக்குத் தெரிந்தது. அகச்சிவப்பில் மட்டும் பத்தாயிரம் கோடி சூரியன்களைத் தாண்டினால் ஒரு வகுப்பு, லட்சம் கோடியைத் தாண்டினால் அதற்கு மேல் வகுப்பு என்று வானியலர்கள் பிரித்தார்கள். மேல்வகுப்பில் ஏறக்குறைய எல்லாமே மோதலில் சிக்கியவை. ஆர்ப் 220 நம்மிடமிருந்து சுமார் 25 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இணைந்துகொண்டிருக்கும் இரண்டு கேலக்ஸிகளின் மையங்களுக்கு நடுவே இப்போது மிச்சமிருப்பது 1,200 ஒளியாண்டு. ஏறக்குறைய 5,000 ஒளியாண்டு அகலமான அந்த நடுப்பகுதியில் நம் பால்வழி முழுவதிலும் இருக்கும் அளவுக்கு வாயு அடைந்து கிடக்கிறது.

சூளை எவ்வளவு சுடுகிறது என்று அனல் சொல்லும். உள்ளே விறகா, உமியா என்று சொல்லாது. அதற்கு வேறு ஆள் வேண்டும்.

(இந்த இடத்தில் சாராய விளக்கு ஏற்றப்பட்டது.)

இது ஸ்டீல் கரண்டி, இது சமையல் உப்பு. வீட்டில் குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தீ சடாரென்று மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். குழம்பில் கிடக்கும் உப்பின் சோடியம் செய்கிற வேலை அது. இதோ, பாருங்கள். முன்வரிசைப் பிள்ளைகளிடம் பழைய சி.டி. துண்டுகள் கொடுத்திருக்கிறேன். அதைச் சாய்த்து, தீயின் பிரதிபலிப்பைத் தேடுங்கள். வானவில் வராது, மஞ்சள் மட்டும் பளிச்சென்று வரும். சரியான கருவியில் பார்த்தால் அது ஒரு கோடு அல்ல, ஒட்டி நிற்கும் இரட்டைக் கோடுகள்: 589.0 நானோமீட்டர், 589.6 நானோமீட்டர். உலகில் எந்த மூலையில் இருக்கும் சோடியமும் இந்த இடத்தில்தான் கையெழுத்துப் போடும்.

இந்த ஊரில் 1837இலேயே சுவாதித் திருநாள் மகாராஜா வானாய்வகம் கட்டினார். ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். நல்ல தொலைநோக்கிகள் இருந்தன. ஆனால் ஒளியைப் பிரித்து அணுவை அடையாளம் காணும் வித்தையை ஜெர்மனியில் கிர்க்காஃபும் புன்சனும் நிலைநிறுத்தியது 1860 வாக்கில். கால்டிகாட் விண்மீன் எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். அது எதனால் ஆனது என்று அவரால் சொல்ல வழியில்லை.

சோடியத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு அதற்குப் பிறகுதான் வருகிறது. 1963 நவம்பர் 21. நான் அப்போது சின்னப் பையன், தக்கலையில் இருந்தோம். விளக்கு வைக்கிற நேரம். தெருவே வெளியில் வந்து நின்றது. மேற்கு வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல், யாரோ மஞ்சளைக் கரைத்து ஊற்றியதுபோல. என் பாட்டி வால்நட்சத்திரம் என்று முடிவு கட்டி, பிள்ளைகளை உள்ளே விரட்டினாள். மறுநாள்தான் தெரிந்தது, இந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள தும்பாவிலிருந்து போன முதல் ராக்கெட் அது. நைக்கி-அப்பாச்சி என்ற அமெரிக்க ராக்கெட், அதில் பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த சோடியப் பொட்டலம். உயரே போய்ச் சோடிய ஆவியைக் கக்கிக்கொண்டே போயிற்று. தரையில் இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் வெயில் இருக்கிறது. வெயிலில் உள்ள மஞ்சளைச் சோடியம் வாங்கித் திருப்பி வீசுகிறது. அதைத்தான் நாங்கள் பார்த்தோம்.

ராக்கெட்டைச் சைக்கிளில் கொண்டுபோன படத்தை எல்லோரும் கண்டிருப்பீர்கள். சோடியம் எதற்கு என்று மட்டும் அதிகம் பேர் சொல்வதில்லை. காற்றை அளக்க. உயரக் காற்று கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் தீற்றல் எந்தப் பக்கம் நெளிகிறது, எவ்வளவு வேகத்தில் நெளிகிறது என்று பல இடங்களிலிருந்து படமெடுத்தால் அங்கே வீசும் காற்றின் வேகம் கிடைத்துவிடும். இந்தக் கரண்டிச் சோடியம் அன்றைக்குத் தும்பாவுக்கு மேலே வீசிய காற்றைச் சொன்னது. அதே சோடியம், அதே இரட்டைக் கோடு, இன்றைக்கு ஆர்ப் 220 போன்ற இடங்களில் வீசும் காற்றையும் சொல்கிறது. இதற்காகத்தான் உங்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்தேன்.

அங்கே கோடு ஒளிராது, கருப்பாக இருக்கும். பின்னால் விண்மீன்களின் வெளிச்சம், முன்னால் குளிர்ந்த வாயு. வாயுவில் உள்ள சோடியம் தன் மஞ்சளை மட்டும் பறித்துக்கொள்ள, அந்த இடத்தில் நிறமாலையில் பள்ளம் விழுகிறது. சோடியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. தன் வெளி எலக்ட்ரானை அது லேசாகத்தான் பிடித்திருக்கிறது, 5.1 எலக்ட்ரான்வோல்ட் போதும், கழன்றுவிடும். கழன்றால் இந்தக் கோடு காணாமல் போகும். ஆகவே எங்கே இந்தப் பள்ளம் தெரிகிறதோ அங்கே புறஊதாக் கதிரைத் தடுக்கும் தூசி இருக்கிறது, வாயு குளிர்ந்து இருக்கிறது என்று பொருள். சோடியத்தின் பலவீனம் நமக்கு லாபம்.

இனி வேகம். ஆர்ப் 220 முழுவதும் பிரபஞ்ச விரிவோடு விலகிப் போவதால் அதன் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். 589இல் இருக்க வேண்டியது 600ஐ ஒட்டி நிற்கும். (இதனால் ஒரு உபகாரம்: நம் தெருவிளக்குச் சோடியத்தின் 589 அதைத் தொந்தரவு செய்யாது.) விண்மீன்கள் எந்த இடத்தைக் காட்டுகின்றன என்று முதலில் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு வாயுவின் பள்ளத்தைப் பார்க்கிறார்கள். அது விண்மீன்களோடு ஒத்துப்போகாமல் நீலப் பக்கம் தள்ளி நின்றால், வாயு விண்மீன்களை விட்டு நம்மை நோக்கி வருகிறது. அதாவது கேலக்ஸி மூச்சை வெளியே விடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரட்டைக் கோடுகளின் இடைவெளி 0.6 நானோமீட்டர் என்றேன் அல்லவா? அதை வேகமாக மாற்றினால் வினாடிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். மோதும் கேலக்ஸிகளில் வாயு வெளியேறும் வேகமும் பெரும்பாலும் வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர். ஆக, வெளியேறும் வாயுவின் இரண்டாவது கோடு, அசையாமல் நிற்கும் வாயுவின் முதல் கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே அகலமான பள்ளம், ஓரத்தில் ஒரு சின்ன முண்டு. அந்த முண்டை வைத்துத்தான் எது எதுவென்று பிரிக்க வேண்டும். வினாடிக்கு 300 கிலோமீட்டர் என்றால் இங்கிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு வினாடிக்குள் இரண்டு தடவை போய்த் திரும்பலாம். நம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ரூப்கே, வெய்லு, சாண்டர்ஸ் ஆகிய மூவர் 2005இல் இப்படி 78 அகச்சிவப்பு கேலக்ஸிகளைப் பார்த்து எழுதினார்கள். மேல்வகுப்புக் கேலக்ஸிகளில் பெரும்பாலானவற்றில் காற்று வீசிக்கொண்டிருந்தது. உள்ளே விழுந்த நீரில் ஒரு பங்கு வெளியே பீய்ச்சப்படுகிறது. வெடிக்கும் விண்மீன்கள் ஒரு காரணம். நடுவில் தீனி கிடைத்துத் தலைதூக்கும் கருந்துளை இன்னொரு காரணம். மார்க்கேரியன் 231 என்ற கேலக்ஸியில் மூலக்கூறு வாயுவை வேறு கோடுகளால் அளந்தார்கள். ஆண்டுக்குப் பல நூறு சூரியன்களுக்குச் சமமான வாயு வெளியேறுகிறது. அப்படியே போனால் கையிருப்பு ஒரு கோடி ஆண்டில் காலி. ஒரு கேலக்ஸியின் வயதோடு ஒப்பிட்டால் அது மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்ப்பதுபோல.

ஆனாலும் சோடியத்தை நம்பி மொத்த வாயுவையும் எடைபோடுவதில் சிக்கல் இருக்கிறது. வாயுவில் பெரும்பங்கு ஹைட்ரஜன். சோடியம் துளியிலும் துளி. அந்தத் துளியில் எவ்வளவு எலக்ட்ரானை இழந்தது, எவ்வளவு தூசியில் ஒட்டிக்கொண்டது என்று ஊகித்துத்தான் ஹைட்ரஜன் கணக்குக்குப் போக வேண்டும். வேகத்தைச் சொல்லும்போது வானியலர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். எடையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். நேர்மையான இறக்கம் அது.

அடர்த்திக்கு வேறு சாட்சி: கந்தகம். எலக்ட்ரான் ஒன்றை இழந்த கந்தகம் 671.6, 673.1 என்று இரண்டு சிவப்புக் கோடுகள் விடும். தூண்டப்பட்ட அணு உடனே ஒளி விடாது. ஒரு நிலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், மற்றதற்கு இருபது நிமிடத்தைச் சுற்றி. சாலைக் கடைத்தெருவைக் கற்பனை செய்யுங்கள். அங்கே கடை நடத்திக்கொண்டே கடைத்தெருக் கதைகள் எழுதி, 2015இல் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கிய ஆ. மாதவன், நடுத்தெருவில் நின்று ஒரு மணி நேரக் கதை சொல்ல முயன்றால் முடியுமா? ஓணத்துக்கு முதல்நாள் இரண்டு நிமிடத்தில் தோளில் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். ஆளில்லாத மதியத்தில் முடியும். அணுவுக்கும் அதே பாடு. நெரிசலில் வேறு எலக்ட்ரான் வந்து இடித்துவிட்டால் ஒளிவிடாமலே ஆற்றல் கைமாறிப் போகும். நீண்ட கதைக்காரனான 671.6தான் முதலில் அடிவாங்குவான். இரண்டு கோடுகளின் விகிதம் நெரிசலில்லாத இடத்தில் 1.4 அளவில் இருந்து, நெரிசல் கூடக் கூட 0.4 வரைக்கும் இறங்கும். விகிதத்தைப் பார்த்தால் நெரிசல் தெரியும். தராசு வேண்டாம்.

இந்தக் கோடுகளெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில். சூளைக்கு உள்ளே போக அகச்சிவப்புக் கோடு வேண்டும், அது தூசியை ஊடுருவும். அங்கே நியான் உதவுகிறது. ஒரு எலக்ட்ரான் இழந்த நியான் 12.8 மைக்ரானில் தெரியும். இளம் விண்மீன்களே அதைச் செய்யும். நான்கு எலக்ட்ரான் இழந்த நியான் 14.3 மைக்ரானில் தெரியும். நான்காவதைப் பிடுங்க 97 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். விண்மீன்களிடம் அந்தத் தெம்பு கிடையாது என்றே சொல்லலாம். அந்தக் கோடு எழுந்தால் உள்ளே கருந்துளை தின்றுகொண்டிருக்கிறது என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். எந்தச் சூட்டில் எத்தனை எலக்ட்ரான் கழலும் என்ற கணக்கை 1920இல் மேகநாத் சாஹா போட்டுக் கொடுத்தார். இங்கே எலக்ட்ரானைப் பிடுங்குவது சூடு அல்ல, கதிர், சமன்பாடு மாறும். ஆனால் கோட்டை வைத்து உள்ளிருக்கும் நிலைமையைப் படிக்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்ததுதான்.

என்.ஜி.சி 6240 என்று ஒரு கேலக்ஸி. அதில் ஹைட்ரஜன் மூலக்கூறு 2.12 மைக்ரானில் அபாரமாக ஒளிர்கிறது. விண்மீன் பிறப்பால் மட்டும் அவ்வளவு வராது; வாயுவும் வாயுவும் அறைந்துகொள்ளும் அதிர்ச்சி அலைதான் காரணம். மோதலை நேரில் பார்ப்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் போக முடியாது. அதன் நடுவில் தின்றுகொண்டிருக்கும் கருந்துளை ஒன்றல்ல, இரண்டு என்று 2002இல் காட்டியது சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது. அந்தக் கருந்துளைகள் இரண்டுக்கும் நடுவே சுமார் 3,000 ஒளியாண்டு. அவையும் ஒரு நாள் சேரும்.

2022இல் வேலை தொடங்கிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி முதல் வருஷத்திலேயே இந்த வகைக் கேலக்ஸிகள் நான்கைப் பார்த்தது. அதன் நடு-அகச்சிவப்புக் கருவி, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நிறமாலை தருகிறது. என்.ஜி.சி 7469இல், நடுவிலிருந்து வெளியே வீசும் வாயு வேறு, அதைச் சுற்றி விண்மீன் பிறக்கும் வளையம் வேறு என்று பிரித்தே காட்டிவிட்டது. பத்திரிகைகளில் வண்ணப்படம்தான் வரும். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. வேலையெல்லாம் செய்வது கோணல்மாணலாக ஓடும் ஒரு வரைகோடு. அதை எந்தப் பத்திரிகையும் அட்டையில் போடுவதில்லை.

நம் நாட்டில்? அகச்சிவப்புக்குப் பெரிய எதிரி ஈரப்பதம். நம் ஊர் இதற்கு ஆகவே ஆகாது. இங்கே வானம் வருஷத்தில் பாதி நாள் சட்டையைப் பிழிந்து காயப்போடும். லடாக்கில் ஹான்லே, 4,500 மீட்டர் உயரம், காய்ந்த காற்று. அங்கே இரண்டு மீட்டர் ஆடி கொண்ட இமாலய சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு அதை இயக்குகிறார்கள். சோடியக் கோடும் கந்தகக் கோடும் கண்ணுக்குத் தெரியும் ஒளி என்பதால் அந்த நிறமாலைமானிக்கு எட்டும். நீண்ட அகச்சிவப்புக்கு மட்டும் விண்வெளிக்குப் போயே ஆக வேண்டும்.

நம் பால்வழியும் ஆண்ட்ரோமீடாவும் மோதுமே என்று ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். மோதியே தீரும் என்று முன்பு இருந்த உறுதி அண்மைக்காலக் கணக்குகளில் தளர்ந்திருக்கிறது. மோதினாலும் நானூறு, ஐந்நூறு கோடி ஆண்டுகளுக்கு அப்புறம். அதற்குள் நம் வாயுவில் பெரும்பகுதி விண்மீனாகிச் செலவாகியிருக்கும். ஆர்ப் 220 அளவுக்குக் கொளுத்த நம்மிடம் சரக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. வெளியே வீசும் காற்றின் சோடியப் பள்ளம் நீலப் பக்கம் விழும் என்றேன். கேலக்ஸியின் மறுபக்கத்தில் நம்மை விட்டு விலகிப் போகும் காற்றும் இருக்க வேண்டுமே, அது ஏன் சிவப்புப் பக்கம் தெரிவதில்லை? பள்ளம் விழ வாயுவுக்குப் பின்னால் விளக்கு வேண்டும். மறுபக்க வாயுவுக்குப் பின்னால் இருட்டுதான். அதனால் அங்கே எவ்வளவு வாயு போகிறது என்று சோடியம் சொல்லாது. இந்தப் பக்கத்தைப் பார்த்து, அந்தப் பக்கமும் இப்படித்தான் இருக்கும் என்று இரண்டால் பெருக்கிக்கொள்கிறார்கள். கரண்டியில் இன்னும் கொஞ்சம் உப்பு இருக்கிறது. மின்விளக்கை அணையுங்கள், பிள்ளைகள் எல்லாரும் முன்னால் வரட்டும். அந்த அம்மா கையில் இருக்கும் சிவப்புப் பையை இந்த வெளிச்சத்தில் பிடியுங்கள். என்ன நிறம் தெரிகிறது, சொல்லுங்கள்.